பவர் ஸ்க்ரூடிரைவர்: பலத்தை அடக்கி வேலை வாங்குவது எப்படி

பவர் ஸ்க்ரூடிரைவர் கைக்கு வந்ததும் யாராக இருந்தாலும் முதலில் செய்வது டிரிகரை முழுசாக அழுத்தி விர்ரென்று சுற்றவிட்டுப் பார்ப்பதுதான். ஆசை தீர ஒருமுறை செய்துகொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அதே வேகத்தில், அதே செட்டிங்கில் நேராக வேலையில் இறங்கினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கும், பலகை பிளக்கும், முனையில் மாட்டுகிற பிட் வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் பிடித்திருக்கும் கையில் இறங்கும். இந்த மெஷினில் பலம் போதாமல் கெடுகிற வேலையைவிட பலம் மிஞ்சிப்போய்க் கெடுகிற வேலைதான் அதிகம் என்பது என் கணக்கு. அதில் இருக்கிற வளையம், கியர், டிரிகர் மூன்றுமே பலத்தை எவ்வளவு விடுவது, எங்கே நிறுத்துவது என்பதற்காக வைத்தவை. அவற்றைத் தொடாமல் வேலை செய்பவர்கள்தான் அதிகம்.

உங்களிடம் இருப்பது எது?

பொதுவாக மூன்று வகை புழக்கத்தில் உண்டு. ஒன்று, கைக்கு அடக்கமான சின்ன ஸ்க்ரூடிரைவர். 3.6 அல்லது 4 வோல்ட் பேட்டரி, நிமிடத்துக்கு 200 சுற்று வாக்கில் சுற்றும், 3 முதல் 5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். அலமாரி கைப்பிடி, ஸ்விட்ச் தட்டு, பொம்மையின் பேட்டரி மூடி மாதிரி வேலைக்கு இது தாராளம். பெரும்பாலான மாடல்களில் மோட்டார் நின்றதும் தண்டு பூட்டிக்கொள்ளும், அதனால் கடைசி அரைச் சுற்றை மெஷினையே சாதாரண ஸ்க்ரூடிரைவர் போலப் பிடித்துக் கையால் இறுக்கி முடிக்கலாம். இந்த வசதி பலருக்குத் தெரிவதே இல்லை.

இரண்டாவது, ட்ரில் டிரைவர். முன்னால் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடை உள்ள சக், அதற்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம், மேலே 1, 2 என்று கியர். 12 வோல்ட், 18 வோல்ட் என்று வரும். சில கம்பெனிகள் 20 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது அதிக பலம் என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளே இருப்பது அதே 5 செல்தான். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தமான 3.6 வோல்ட்டை வைத்துக் கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் இருக்கும் 4 வோல்ட்டை வைத்துக் கணக்கிட்டால் 20. மூன்றாவது, இம்பாக்ட் டிரைவர். இதில் சக் கிடையாது, 6.35 மி.மீ., அதாவது கால் அங்குல அறுகோணத் தண்டுள்ள பிட் மட்டும் போகும். உள்ளே ஒரு சுத்தியல் சுற்றுவாக்கில் அடித்து அடித்துத் தள்ளும். இதில் எண் போட்ட வளையம், அதாவது கிளட்ச், இருக்காது, அதனால் கீழே கிளட்சைப் பற்றிச் சொல்வது இதற்குப் பொருந்தாது, தனியாகச் சொல்கிறேன்.

பிட் மாட்டும்போது

பிட் மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்ற முடியாது என்பவர்கள் குறைந்தபட்சம் முன்னே பின்னே தள்ளும் அந்த பட்டனை நடுவில் வையுங்கள். டிரிகருக்கு மேலே இருக்கும் அந்த பட்டனுக்கு மூன்று நிலை உண்டு: ஒரு பக்கம் முடுக்க, மறுபக்கம் கழற்ற, நடுவில் வைத்தால் டிரிகர் பூட்டிக்கொள்ளும். கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்போதும், ஏணியில் ஏறும்போதும், பையில் போடும்போதும் அது நடுவில்தான் இருக்க வேண்டும். மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த பட்டனைத் தள்ளாதீர்கள், முழுசாக நின்ற பிறகுதான்.

சக்கில் பிட் மாட்டும்போது சிலர் ஒரு கையால் சக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிரிகரைத் தட்டி இறுக்குவார்கள். பார்க்க லாவகமாக இருக்கும், ஆனால் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும், மணிக்கட்டையும் பிடுங்கிவிடும். கையால் திருகினாலே போதும், கடைசியில் டக் டக்கென்று கேட்கும் வரை இறுக்குங்கள். பிட் மூன்று தாடைக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சின்ன பிட்டாக இருந்தால் இரண்டு தாடைக்கு இடையே ஒதுங்கி நின்றுகொண்டு இறுகினது போலவே ஏமாற்றும். டிரிகரை லேசாகத் தொட்டு மெதுவாகச் சுற்றவிட்டால் நுனி வட்டமடிக்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் பிட்டின் பொருத்தம். தலை மழுங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பிளஸ் தலை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது, ஃபிலிப்ஸ், போஸிட்ரிவ். ஸ்க்ரூவின் தலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: பிளஸ் குறியின் நான்கு கைகளுக்கும் நடுவே மயிரிழை போல நான்கு சின்னக் கோடுகள் இருந்தால் அது போஸிட்ரிவ், பிஇசட் பிட் வேண்டும். கோடு இல்லாவிட்டால் ஃபிலிப்ஸ், பிஎச் பிட். ஒன்றில் மற்றொன்று உட்காருவது போலத் தோன்றும், பாரம் ஏறினதும் துள்ளும். 3.5 முதல் 5 மி.மீ. வரை உள்ள ஸ்க்ரூக்களுக்கு பொதுவாக 2ஆம் எண், அதைவிடச் சின்னதுக்கு 1, தடித்ததுக்கு 3.

ஃபிலிப்ஸ் தலை 1930களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் மெஷினால் வேகமாக முடுக்கத் தோதாக வந்தது. பிட் தானாக நடுவில் போய் உட்காரும், அது அதன் நல்ல குணம். கெட்ட குணம், அதன் பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இருப்பதால் முறுக்கு ஏற ஏற பிட்டை மேலே தள்ளும். அதனால்தான் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூவுக்கு முறுக்குவதைவிட அழுத்துவதில் அதிக பலம் போக வேண்டும். ஆறு முனை நட்சத்திரம் போன்ற டார்க்ஸ் தலையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டார்க்ஸ் எடுங்கள். 4 மி.மீ. மரத்துக்கான ஸ்க்ரூவில் பெரும்பாலும் டி 20, 5 மி.மீ.க்கு டி 25 வரும். ஒரு சைஸ் சின்ன பிட்டும் உள்ளே போகும், ஆனால் ஆடும். சரியான பிட்டில் ஸ்க்ரூவைச் செருகிக் கிடைமட்டமாகப் பிடித்தால் அது தலை தொங்காமல் நிற்கும். நுனி மழுங்கி பளபளத்துப்போன பிட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதை வைத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கெடுத்துக்கொண்டே போகும்.

எண் போட்ட வளையம்

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சக்குக்குப் பின்னால் 1 முதல் 15 வரையோ 20 வரையோ எண்களும், கடைசியில் ட்ரில் பிட் படமும், சில மெஷின்களில் சுத்தியல் படமும் போட்ட வளையம் இருக்கும். அதுதான் கிளட்ச். கியர் பாக்ஸின் வெளிப்பல்சக்கரத்தை ஸ்பிரிங் அழுத்தத்தில் சின்ன இரும்புக் குண்டுகள் நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வளையத்தைத் திருப்பும்போது அந்த ஸ்பிரிங்கைத்தான் இறுக்குகிறோம் அல்லது தளர்த்துகிறோம். ஸ்க்ரூ முழுசாக இறங்கி, இதற்கு மேல் போகாது என்று எதிர்க்கும்போது, அந்த எதிர்ப்பு ஸ்பிரிங்கின் பிடியை மிஞ்சினால் குண்டுகள் மேட்டைத் தாண்டிக் குதிக்கும், டகடகடக என்று சத்தம் வரும், மோட்டார் சுற்றினாலும் பிட் நின்றுவிடும். விலை கூடின சில மாடல்களில் சத்தமே இல்லாமல் எலக்ட்ரானிக் முறையில் மோட்டாரையே நிறுத்திவிடும், விஷயம் ஒன்றுதான்.

அந்த எண்கள் நியூட்டன் மீட்டர் கிடையாது. 10 என்றால் 5இன் இரண்டு மடங்கு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கம்பெனியின் 7 இன்னொன்றின் 7 ஆகாது. ஆகவே 'மரத்துக்கு இந்த எண், பிளாஸ்டிக்குக்கு அந்த எண்' என்று யாராவது பட்டியல் கொடுத்தால் அதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சரியான எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. நீங்கள் வேலை செய்யப்போகும் அதே மரத்தில் ஒரு துண்டு, அதே ஸ்க்ரூ, அதே அளவு முன்துளை. கியரை 1இல் வைத்து, கிளட்சை 3 அல்லது 4இல் வைத்து முடுக்குங்கள். தலை இன்னும் மேலே துருத்திக்கொண்டிருக்கும்போதே டகடகவென்று வழுக்கும். ஒன்று ஒன்றாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் தலை பலகையோடு சமமாக உட்கார்ந்த அதே நொடியில் கிளட்ச் விடும். அதுதான் உங்கள் எண். பென்சிலால் துண்டுப் பலகையிலேயே எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், மீதி ஸ்க்ரூ அத்தனையும் ஒரே ஆழத்தில் போய் நிற்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிளட்ச் எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது, வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். டிரிகரை முழுசாக அழுத்தி வேகமாக இறக்கினால், சுற்றிக்கொண்டிருக்கும் சக்கும் மோட்டாரும் சேர்ந்த உந்துதலிலேயே கிளட்ச் விடுவதற்குள் ஸ்க்ரூ கால் சுற்று கூடுதலாகப் போய்விடும். கெட்டியான மரத்தில் அது தெரியாது, எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு மாதிரி தூளை அழுத்திச் செய்த பலகைகளில் அந்தக் கால் சுற்றே புரி பிடித்த இடத்தை மாவாக்கிவிடும், அப்புறம் ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கடைசி 5 மி.மீ. வரும்போது விரலைத் தளர்த்தி மெதுவாக முடியுங்கள். டகடக சத்தம் கேட்டதும் உடனே விட்டுவிடுங்கள். இன்னும் இரண்டு தடவை வழுக்கவிட்டால் இன்னும் இறுகும் என்பதெல்லாம் கிடையாது, கிளட்சும் தேயும், பிட்டும் தலையிலிருந்து துள்ளப் பார்க்கும்.

நீளமான ஸ்க்ரூவில் பாதி வழியிலேயே கிளட்ச் வழுக்கும். உடனே ட்ரில் படத்துக்குத் திருப்பிவிடுவது எல்லாருக்கும் வருகிற கைப்பழக்கம். அந்தப் படத்தில் கிளட்ச் வேலையே செய்யாது, மெஷினின் முழு பலமும் ஸ்க்ரூவின் கழுத்துக்குப் போகும், ஒன்று தலை முறிந்து கையில் வரும், இல்லை உங்கள் மணிக்கட்டு திரும்பும். முதலில் முன்துளை போதுமான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள், புரியில் மெழுகு தடவிப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் எண்ணை இரண்டிரண்டாக ஏற்றுங்கள். அப்படியும் முடியாமல் ட்ரில் படத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் தலை உட்காருவதற்கு ஒரு விரற்கடை முன்பே நிறுத்தி, மீண்டும் கிளட்சுக்குத் திருப்பி முடியுங்கள். சுத்தியல் படம் செங்கல், சிமென்ட்டில் துளை போடுவதற்கு. அதில் ஸ்க்ரூ முடுக்கவே கூடாது.

கியரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1 என்றால் மெதுவாக, பலமாக, நிமிடத்துக்கு 400, 500 சுற்று வரை. 2 என்றால் வேகமாக, பலம் குறைவாக, 1500 சுற்று வாக்கில். ஸ்க்ரூவுக்கு 1, சின்னத் துளை போட 2, அவ்வளவுதான். நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். தள்ளும்போது பாதியில் சிக்கிக்கொண்டால் பலவந்தம் பண்ணாமல், சக்கைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட்டுத் தள்ளினால் போய் உட்காரும். பாதி நிலையில் வைத்து ஓட்டினால் பல் போய்விடும்.

இம்பாக்ட் டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு வளையம் கிடையாது, விரல்தான் கிளட்ச். டிரிகரைத் தட்டித் தட்டி விட்டு இறக்கப் பழக வேண்டும். நீள ஸ்க்ரூவுக்கும் தடித்த மரத்துக்கும் இதை அடிக்க ஆளில்லை, கை திரும்பவும் திரும்பாது. ஆனால் சின்ன ஸ்க்ரூ, பித்தளை, பிளாஸ்டிக், எலக்ட்ரானிக் சாமான், எதையும் இதன் பக்கம் கொண்டுவராதீர்கள். சாதாரண பிட் அந்த அடிக்குத் தாங்காமல் உடைந்து தெறிக்கும், இம்பாக்டுக்கு என்று செய்த பிட்டையே போடுங்கள். சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், மூடின அறையில் தொடர்ந்து வேலை செய்தால் காதுக்கு அடைப்பான் வேண்டும்.

முன்துளையும் பொருளும்

முன்துளை போடச் சோம்பல்படுபவர்கள்தான் கிளட்சை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ட்ரில் பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள்: ஸ்க்ரூவின் நடுத்தண்டை பிட் மறைக்க வேண்டும், இரண்டு பக்கமும் புரியின் விளிம்பு மட்டும் வெளியே தெரிய வேண்டும். அந்த அளவுதான் சரி. 4 மி.மீ. ஸ்க்ரூ என்றால் மிருதுவான மரத்தில் 2 முதல் 2.5 மி.மீ., கெட்டி மரத்தில் 2.5 முதல் 3 மி.மீ. ஆழம் தவறாமல் இருக்க பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளலாம். பலகையின் ஓரத்தில், முனையில் போடும்போது முன்துளை இல்லாமல் இறங்கவே வேண்டாம், இழை ஓடும் வாக்கில் விரிசல் விட்டுவிடும்.

இரண்டு பலகையைச் சேர்க்கும்போது இன்னொன்று. மேல் பலகையில் போடும் துளை ஸ்க்ரூவின் புரியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஸ்க்ரூ தடையில்லாமல் நழுவிப் போகும்படி இருக்க வேண்டும். அங்கேயும் புரி கடித்துக்கொண்டால் இரண்டு பலகையும் நடுவில் இடைவெளியோடு அப்படியே நின்றுவிடும், எவ்வளவு முடுக்கினாலும் சேராது. கிளட்சை ஏற்றி ஏற்றி அந்த இடைவெளியை மூடப் பார்ப்பது வீண் வேலை. கழற்றிவிட்டு மேல் துளையைப் பெரிதாக்குவதுதான் வழி.

பித்தளை ஸ்க்ரூ மெத்தென்று இருக்கும், நேராக மெஷினால் இறக்கினால் முறியும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் இறக்கிப் புரிப்பாதை போட்டுவிட்டு, கழற்றி, அந்தத் துளையில் பித்தளையைக் கையால் முடுக்குங்கள். புரியில் சோப்பு தடவுகிறவர்கள் உண்டு, அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், மெழுகுவர்த்தித் துண்டு அதைவிட நல்லது. துருப்பிடிக்காத எஃகு போல்ட், நட்டுகளை வேகமாக முடுக்கினால் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போய்விடும், பிறகு கழற்றவே முடியாமல் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அங்கே மெதுவான வேகமும் கொஞ்சம் கிரீஸும் வேண்டும்.

பிளாஸ்டிக்கில் ஏற்கனவே இருந்த ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது செய்கிற ஒரு வேலை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்க்ரூவைத் துளையில் வைத்து, மெஷின் இல்லாமல், கையால் கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் ஸ்க்ரூ சின்னதாக ஒரு படி இறங்குவது விரல் நுனியில் தெரியும், காதை அருகே வைத்தால் 'டிக்' என்று கேட்கவும் செய்யும். பழைய புரியின் வாய் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து முன்னோக்கித் திருப்பினால் பழைய பாதையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு சுற்று கையால் பிடிக்க வைத்துவிட்டு, மிச்சத்தை 1ஆம் எண் கிளட்சில் மெஷினிடம் கொடுக்கலாம். அப்படிச் செய்யாமல் நேராக மெஷினை வைத்தால் அது புதுப் புரி வெட்டும், இப்படி நாலு தடவை கழற்றி மாட்டினால் அந்தத் துளையில் பிளாஸ்டிக்கே மிச்சம் இருக்காது.

பிடிக்கும் முறை

ஸ்க்ரூ, பிட், மெஷின், உங்கள் முன்கை நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பிட் தலையின் ஒரு ஓரத்தை மட்டும் கடிக்கும். துப்பாக்கி போன்ற கைப்பிடியைக் கீழே பிடிப்பதைவிட மேலே, மோட்டாருக்கு நேர் பின்னால் உள்ளங்கையின் மேட்டை வைத்து, நடுவிரலால் டிரிகரை அழுத்திப் பாருங்கள், தள்ளுகிற பலம் நேராக ஸ்க்ரூவுக்குப் போகும். மெதுவாகத் தொடங்கி, புரி பிடித்துக்கொண்டதும் வேகம் கூட்டி, முடியும்போது திரும்ப மெதுவாக.

ஸ்க்ரூவை நிமிர்த்தி வைக்க இடது கை விரலால் பிடிப்பது பழக்கம். பிட் வழுக்கினால் முதலில் அது போவது அந்த விரலுக்குத்தான். காந்தம் உள்ள பிட் ஹோல்டர், அதிலும் ஸ்க்ரூவை மூடிக்கொள்ளும் நழுவு குழல் உள்ளது என்றால் கையைக் கொண்டுபோகவே வேண்டியதில்லை. இல்லாவிட்டால் சின்னதாக ஒரு முன்துளை போட்டு, ஸ்க்ரூவைக் கையால் ஒரு சுற்று பிடிக்க வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சின்னத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முடுக்கவே கூடாது, கிளாம்ப் போட்டு மேஜையோடு பிடிக்க வையுங்கள். பலகைக்குப் பின்னால் கை வைத்துத் தாங்கும்போது ஸ்க்ரூவின் நீளம் பலகையின் கனத்தைவிட அதிகமா என்று ஒரு கணம் யோசியுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உடைந்த பிட் நுனி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையுறை பாதுகாப்பு என்று நினைத்துத் தொளதொள துணிக் கையுறை போடுவது எதிர்மாறான வேலை, சுற்றுகிற சக் அதைப் பிடித்து விரலோடு சேர்த்துச் சுருட்டும். அவிழ்ந்த தலைமுடி, நீளக் கை, கழுத்தில் தொங்கும் எதுவானாலும் அதே கதைதான். தொடர்ந்து வேலை செய்த பிட் கொதிக்கிற சூட்டில் இருக்கும், கழற்றும்போது நினைவிருக்கட்டும்.

சுவரில் இறக்கும்போது உள்ளே ஓடும் ஒயரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச், பிளக் பாயின்ட்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஒயர் போகும் வாய்ப்பு அதிகம், அந்தக் கோட்டை விட்டு விலகுங்கள். சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், பேட்டரி மெஷின் இருப்பதன் வசதியே அதுதான். மெஷினின் ரப்பர், பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடியுங்கள், பிட் மின்சாரத்தைத் தொட்டால் சக்கின் உலோகத்திலும் மின்சாரம் ஏறும். ஸ்விட்ச் தட்டின் ஸ்க்ரூவையே கழற்றுவதானால் மெயினை அணைப்பதோடு நிறுத்தாமல் டெஸ்டர் வைத்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியைச் சட்டைப் பையிலோ ஸ்க்ரூ டப்பாவிலோ தனியாகப் போடாதீர்கள், இரண்டு முனையையும் ஒரு ஆணி தொட்டால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். வேலை முடிந்து சுடச்சுட இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள். உறைநிலைக்குக் கீழே இருக்கும் குளிரில் சார்ஜ் செய்யக்கூடாது. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி வையுங்கள், குழந்தைகள் உள்ள இடத்தில் எப்போதுமே கழற்றித்தான் வைக்க வேண்டும். உப்பிப்போனதையும் கீழே விழுந்து ஓடு விரிந்ததையும் இன்னும் ஒரே ஒரு வேலைக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாமல் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். மெஷினே அதிகம் சூடாகிவிட்டால் பாரம் இல்லாமல் ஒரு நிமிடம் வேகமாகச் சுற்றவிடுங்கள், உள்ளே காற்றாடி இருப்பதால் ஆறிவிடும்.

கழற்றும்போது

முடுக்குவதைவிடக் கழற்றும்போதுதான் தலைகள் அதிகம் போகின்றன. பட்டனை ரிவர்ஸில் வைத்ததும் ஸ்க்ரூவைத் தொடும் முன் காற்றில் ஒருமுறை சுற்றவிட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிடுங்கள். பள்ளத்தில் பெயின்ட் அடைத்திருந்தால் கூரான எதையாவது வைத்துச் சுரண்டி பிட் அடி வரை போய் உட்காரும்படி செய்யுங்கள். பல நாள் இறுகிக் கிடந்த ஸ்க்ரூவை முதலில் முடுக்கும் திசையில் ஒரு துளி அசைத்துவிட்டு, பிறகு கழற்றிப் பாருங்கள், துருவின் பிடி விட்டுப்போகும். இங்கே மட்டும் கிளட்சை உச்சத்தில் வைக்கலாம், கியர் 1, உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தி, டிரிகரைச் சின்னச் சின்னதாகத் தட்டி விடுங்கள். முதல் கால் சுற்று அசைந்துவிட்டால் மிச்சம் தானாக வரும். பலகையோ பெட்டியோ தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால் கடைசி ஸ்க்ரூவைத் தொடும் முன் கீழே முட்டுக்கொடுத்துவிடுங்கள்.

தலை மழுங்கிவிட்டதா? இரண்டாவது முறை வழுக்கினதுமே மெஷினைக் கீழே வைத்துவிடுங்கள், மூன்றாவது முறை முயன்றால் பள்ளம் முழுவதும் வட்டமாகிவிடும். அகலமான ரப்பர் பேண்டைத் தலையின் மேல் விரித்து, அதன் மேல் பிட்டை வைத்துக் கைக் கருவியால் மெதுவாகத் திருப்பினால் சில சமயம் பிடித்துக்கொண்டு வரும். தலை வெளியே துருத்தியிருந்தால் பூட்டுக் குறடால் கவ்விச் சுற்றலாம், அல்லது ஹாக்ஸா பிளேடால் ஒரு கோடு அறுத்து மைனஸ் ஸ்க்ரூடிரைவர் போடலாம். இவை எதற்கும் மசியாவிட்டால்தான், கெட்டுப்போன ஸ்க்ரூவைக் கடித்து வெளியே எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் பிட். அதைக் கழற்றும் திசையில், மிக மெதுவாக, கண்ணாடி போட்டுக்கொண்டு.

வெளியே வந்த பிறகு மரத்துளை பெரிதாகிப்போய் புது ஸ்க்ரூ பிடிக்காது. தலை கிள்ளின தீக்குச்சிகளில் மரப்பசை தடவித் துளைக்குள் நெருக்கமாகச் செருகி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டு ஒரு இரவு காயவிடுங்கள். மறுநாள் அதன் நடுவில் புதிதாக முன்துளை போட்டு, கிளட்சை முன்பு இருந்ததைவிட இரண்டு எண் குறைத்து முடுக்குங்கள்.